வாசகர் கேள்வி – பதில்: பெட்டியில் எழுதிய பேஸ் காதில் கேட்குமா?

ஹெட்போன் பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். காதை முழுதாக மூடும் பெரிய வகை அல்ல. காதுமடலின் மேல் அமரும் சிறிய வகை. பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த, கனத்த ஒலி, தூக்கலாக வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது என்பதே எல்லோருடைய கேள்வியும்.

கேள்வி: ஒரே விலைக்கு இரண்டு ஹெட்போன் பார்த்தேன். ஒன்றின் பெட்டியில் 40 மி.மீ. டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி), 5 முதல் 25,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) என்று இருக்கிறது. மற்றதில் 30 மி.மீ., 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். பேஸுக்கு முதலாவதுதானே நல்லது? – உயர்தர மாணவர், உவர்மலை

பதில்: அந்த எண்களை நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம், தம்பி. "5 ஹெர்ட்ஸ்" என்று அச்சடித்தவர், அந்த 5 ஹெர்ட்ஸ் எவ்வளவு சத்தத்தில் வருகிறது என்று அச்சடிக்கவில்லை. பாட்டின் மற்றப் பகுதியைவிட 30 டெசிபல் (சத்தத்தின் அளவு) குறைவாக, யாருக்கும் கேட்காத அளவில் வந்தாலும் பெட்டியில் அந்த எண்ணைப் போடலாம். கூட்டல் கழித்தல் 3 டெசிபலுக்குள் என்பது போல ஓர் எல்லை பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். மலிவு விலைப் பெட்டிகளில் அதைக் காண்பது அரிது. மேலும் மனிதக் காது கேட்கத் தொடங்குவதே ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் கனம் பெரும்பாலும் 50 முதல் 100 வரை. ஆக, நீங்கள் தேடும் பேஸ் 40க்கும் 100க்கும் இடையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பெட்டி வாய் திறப்பதில்லை.

டிரைவரின் விட்டமும் தனியே எதையும் சொல்லாது. சோனி டபிள்யூஎச்-சிஎச்520இல் இருப்பது 30 மி.மீ.; ஜேபிஎல் டியூன் 510பிடியில் 32 மி.மீ. இரண்டிலும் பேஸுக்குக் குறைவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் கோப்பைக்குள் பொருத்திய 40 மி.மீ. டிரைவர் அவற்றைவிடக் கீழே இறங்காமல், 150 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் "பொம் பொம்" என்று முட்டி நிற்பது சாதாரணம். பலர் பேஸ் என்று நினைத்து ஏமாறுவது அந்த முட்டலைத்தான். ஆண் குரல் பானைக்குள் இருந்து பேசுவதுபோல் ஆவதும் அதனால்தான்.

பெட்டியில் உண்மையிலேயே உதவக்கூடியவை மூன்று: ஓம் அளவு (மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை), உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது), எடை. போனில் நேரே செருகுவதற்கு 16 முதல் 32 ஓம் வரை போதும். உணர்திறனில் ஒரு பொறி உண்டு. சிலர் அதை ஒரு மில்லிவாட்டுக்கு என்று எழுதுவார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு என்று. 32 ஓம் ஹெட்போன் ஒன்றில் மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்பதும் வோல்ட்டுக்கு 115 டெசிபல் என்பதும் ஒன்றேதான். அலகைப் பார்க்காமல் பெரிய எண்ணைத் தேர்ந்தால் ஏமாற்றம். எடை 160 கிராமுக்குள் இருந்தால் கழுத்தும் காதும் தாங்கும்.

கேள்வி: நான் கண்ணாடி போடுபவள். கடையில் பேஸ் அதிர்ந்தது. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வரும்போது பாட்டில் அடித்தளமே இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் திரும்ப வந்துவிடுகிறது. போலிச் சாமானா? – ஆசிரியை, கிண்ணியா

பதில்: போலி என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. இரண்டு காரணங்கள் சேர்ந்து விளையாடுகின்றன.

முதலாவது, கசிவு. ஹெட்போனுக்கும் உங்கள் செவிப்பறைக்கும் இடையே சிறைப்பட்ட கொஞ்சக் காற்றை டிரைவர் அமுக்கி விடுகிறது. அந்த அமுக்கம்தான் பேஸ். காற்று வெளியேற ஒரு மில்லிமீட்டர் சந்து கிடைத்தாலும், மெதுவாக அசையும் தாழ் ஒலியின் அமுக்கம் அதன் வழியே போய்விடும். வேகமாக அசையும் உயர் ஒலி தப்பிவிடும். அதனால்தான் கசியும் ஹெட்போனில் பேஸ் மட்டும் காணாமல் போகிறது, சிம்பல் ஒலி அப்படியே நிற்கிறது. கண்ணாடிக் கம்பி, தோடு, காதின் மேல் விழும் முடி, ஒரு பக்கம் இறங்கிய தலைப்பட்டி, இதில் எதுவும் சந்து போடும். காதை முழுதாக மூடும் வகையில் பஞ்சு கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். காதுமடலின் மேல் அமரும் வகைக்கோ மேடு பள்ளமான மடல்தான் இருக்கை.

சோதனை எளிது. பாட்டு ஓடும்போது இரண்டு கோப்பையையும் விரலால் இலேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் கசிவு. ஏறாவிட்டால் அடைப்பு நன்றாக இருக்கிறது, காரணம் வேறு. கசிவு என்றால் கோப்பையை அரை சென்டிமீட்டர் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தி, கண்ணாடிக் கம்பி பஞ்சின் நடுவே போகாமல் மேல் விளிம்பைத் தொட்டுப் போகும்படி வைத்துப் பாருங்கள். அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது மெல்லிய உலோகக் கம்பி உள்ளதை எடுத்தால் ஹெட்போனுக்கும் நல்லது. பட்டி தளர்வாக இருந்தால், உள்ளே உலோகத் தகடு உள்ளதை மட்டும் இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி வளைக்கலாம். முழுப் பிளாஸ்டிக் பட்டியில் அந்த வேலை வேண்டாம், வெடித்துவிடும்.

இரண்டாவது, பஸ். டீசல் எஞ்சினின் உறுமலும் டயரின் இரைச்சலும் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே. உங்கள் பேஸும் அங்கேதான். ஒரே இடத்தில் இரண்டு சத்தம் இருந்தால் பெரியது சிறியதை மூடிவிடும். காதுமடலின் மேல் அமரும் ஹெட்போன் வெளிச்சத்தத்தில் கூரிய பகுதியைக் கொஞ்சம் மறிக்கும், உறுமலை மறிக்காது. பஸ்காரர் தன் பாட்டைப் போட்டுவிட்டால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கிண்ணியாப் பயணம் போன்ற குறுகிய தூரத்துக்கு போனின் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) 60 ஹெர்ட்ஸை 3 டெசிபல் ஏற்றிக் கேட்டால் போதும். கொழும்புக்கு ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் போகிறவருக்கு இந்த வகையே பொருத்தமில்லை என்பது எங்கள் எண்ணம். அதற்கு சிலிக்கோன் முனையுடன் காதுக்குள் செருகும் வகை, அதே விலையில், பலமடங்கு மேல்.

கேள்வி: கடையில் நின்று சோதிக்க ஐந்து பத்து நிமிடந்தான் தருவார்கள். எதைப் போட்டுப் பார்ப்பது? – வாசகர், மத்திய வீதி

பதில்: கடைக்காரர் போடும் பாட்டை மறந்துவிடுங்கள். அவருடைய ஹெட்போன் எல்லாவற்றிலும் நன்றாகக் கேட்கும் பாட்டு அது. உங்கள் போனையே கொண்டு போங்கள். ஈக்வலைசர், டொல்பி, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூன்று கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள்.

ஒன்று, மிருதங்கத் தனி ஆவர்த்தனம். எந்தக் கச்சேரியும் பரவாயில்லை. இடது பக்கத் தொப்பியில் கும்கி (தோலைக் கையால் அழுத்தித் தேய்த்து எழுப்பும் ஒலி) எழும்போது சுருதி வழுக்கிக்கொண்டு போவது கேட்க வேண்டும். நல்ல ஹெட்போனில் அந்த வழுக்கலும், வலது பக்கமான வலந்தலையின் கூர்மையும் தனித்தனியே நிற்கும். முட்டும் ஹெட்போனில் எந்த அடியும் ஒரே சுருதியில் "தொம்". பேஸின் அளவை யாரும் கண்டுபிடிப்பார்கள். தரத்தைக் காட்டிக் கொடுப்பது தொப்பிதான்.

இரண்டு, ஆண் குரலில் செய்தி வாசிப்பு. பானைக்குள் குரல் என்று முன்னே சொன்னோமே, அது இங்கே தெரியும்.

மூன்று, 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தொனி. சத்தத்தைப் பாதியில் வைத்துப் போடுங்கள். எந்த எண்ணில் கேட்கத் தொடங்குகிறது, எங்கே திடீரென உப்புகிறது, எங்கே சரசரப்பு வருகிறது என்று கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்டால் இந்த விலைக்கு நல்லது. ஒரு பக்கம் மட்டும் சரசரத்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றைக் கேளுங்கள். டிரைவரில் தூசியோ முடியோ ஒட்டியிருக்கலாம், சவ்வு மடிந்திருக்கலாம். எதுவானாலும் அது உங்கள் பிரச்சினையாக வேண்டியதில்லை.

இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது குரல் இரண்டிலும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி முதலில் சரிசெய்யுங்கள். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே தோன்றும். கடைசியாக, பாட்டை நிறுத்திவிட்டு, விலை பேசும் நேரம் முழுக்க ஹெட்போனைக் காதிலேயே வைத்திருங்கள். மடலின் மேல் ஓரம் வலிக்கத் தொடங்கினால் வீட்டில் அரை மணி நேரம் தாங்காது.

கேள்வி: பெயர் சொல்லுங்கள், எதை வாங்குவது? – வாசகர், சீனன்குடா

பதில்: வயர் உள்ளது என்றால் சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110. 30 மி.மீ. டிரைவர், 24 ஓம், 98 டெசிபல், வயர் 1.2 மீட்டர், எடை ஏறத்தாழ 120 கிராம். மடித்து வைக்கலாம். பேஸ் தூக்கல்தான், அதிர வைக்கும் அளவு அல்ல. மைக் இல்லை, பேச வேண்டுமானால் மைக் உள்ள மாதிரியைக் கேளுங்கள். வயரில்லாததில் சோனி சிஎச்520 அமைதியான பேஸ், குரல் தெளிவு, 50 மணி நேரம் ஓடும் பற்றரி. ஜேபிஎல் டியூன் 510பிடியில் பேஸ் அதைவிடத் தடிப்பு, பற்றரி 40 மணி நேரம். 2023இல் வந்த 520பிடியில் 57 மணி நேரமும் செயலியில் ஈக்வலைசரும் உண்டு. சிஎச்520, 510பிடி இரண்டிலும் வயர் செருகும் துளை இல்லை என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். பற்றரி இறங்கினால் சார்ஜ் ஏறும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான்.

கோஸ் போர்ட்டா புரோ 1984இலிருந்து வருகிறது, இன்னும் இனிமையான பேஸ். ஆனால் திறந்த வகை. பக்கத்துக் கதிரையில் இருப்பவரும் உங்கள் பாட்டைக் கேட்பார். வீட்டுக்கு மட்டும்.

கூட்டிப் பார்த்தால் பாட்டுக்கு 510பிடி, பாட்டோடு வகுப்பும் கேட்பவருக்கு சிஎச்520.

கேள்வி: வயர் ஹெட்போனில் திடீரென்று பாடகரின் குரல் காணாமல் போகிறது. பின்னணி இசை மட்டும் தூரத்தில் கேட்கிறது. பேஸும் இல்லை. டிரைவர் போய்விட்டதா? – வாசகர், நிலாவெளி

பதில்: டிரைவர் நலம். பிளக்கில் பொது இணைப்பு, அதாவது எர்த், விட்டுவிட்டது. அது விட்டால் இடது, வலது டிரைவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, இரண்டு சனலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும். குரலும் பேஸும் வழக்கமாக இரண்டு சனலிலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிளக்கை முழுதாக, "கிளிக்" என்று கேட்கும்வரை செருகுங்கள். போனுக்குத் தடித்த கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி கவர்தான். பிறகு போனின் துளையில் சேர்ந்த பஞ்சைப் பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். கடலோரத்தில் இருப்பவர் பிளக்கையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தால் ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். இத்தனைக்கும் பிறகும் வயரை ஆட்டும்போது குரல் வந்து போனால், பிளக்கின் கழுத்தில் வயர் அறுந்திருக்கிறது. புது பிளக் வைத்து ஈயம் பிடிக்க வேண்டும்.

நான்கு முனைப் பிளக்கில் நுனியிலிருந்து இடது, வலது, எர்த், மைக் என்பதே இன்று பெரும்பாலான போன்களின் வரிசை. பழைய சில போன்களில் எர்த்தும் மைக்கும் இடம் மாறியிருக்கும். அவற்றிலும் இதே குறை வரும்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமை. சூம் வகுப்பில் மைக்கைத் திறந்த உடனே பழைய றேடியோ போல ஆகிறது. – மாணவி, தம்பலகாமம்

பதில்: பழுது அல்ல. மைக் திறந்ததும் புளூடூத் பாட்டுக்கான வழியை விட்டுத் தொலைபேசி அழைப்புக்கான வழிக்கு மாறுகிறது. அந்த வழியில் ஒற்றைச் சனல். மாதிரி எடுப்பது நொடிக்கு 8,000 அல்லது 16,000 தடவை மட்டும், பாட்டில் அது 44,100. மடிக்கணினி என்றால் சூம் அமைப்பில் மைக்காகக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்போன் கேட்பதற்கு மட்டும். சத்தம் உடனே பழைய நிலைக்கு வரும். போனில் இது கைகூடுவது கடினம். வகுப்புக்கு வயர் ஹெட்போனே நிம்மதி.

கேள்வி: ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸை முழுதாக ஏற்றினால் பேஸ் வருகிறது, ஆனால் கரகரக்கிறது. – வாசகர், மூதூர்

பதில்: வரத்தான் செய்யும். 6 டெசிபல் ஏற்றினால் டிரைவர் அந்த இடத்தில் நான்கு மடங்கு சக்தியை வாங்க வேண்டும். அதற்கு முன்னமே போனுக்குள் தகராறு. இன்றைய பாட்டுகள் உச்ச அளவை ஒட்டியே பதியப்படுகின்றன. மேலே ஏற்ற இடமில்லை. ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும், அந்த வெட்டுத்தான் கரகரப்பு. ஈக்வலைசரில் முன்பெருக்கி (மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் கோல்) இருந்தால், பேஸை எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு அதை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஏற்றுவதைக் குறைத்து, மற்றதை இறக்குங்கள். ஆண்ட்ரொயிட் போன்களில் பெரும்பாலும் 60, 230, 910, 3,600, 14,000 என்று ஐந்து கோல்கள் இருக்கும். 60ஐ 3 ஏற்றி, 230ஐ 2 இறக்கி, மீதியைப் பூச்சியத்தில் விட்டுப் பாருங்கள். 230ஐ இறக்குவதுதான் இரகசியம்: குரலை மூடும் சேறு அங்கே இருக்கிறது, அது விலகினால் அடிப் பேஸ் தானாகத் தெரியும். டொல்பியும் பேஸ் பூஸ்ட்டும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்றை அணைக்கவும்.

கேள்வி: கடற்கரையில் கீழே விழுந்த பிறகு ஒரு பக்கம் சரசர என்கிறது. – வாசகர், புல்மோட்டை

பதில்: உங்கள் ஊர்க் கருமணலில் காந்தம் இழுக்கும் துகள்கள் உண்டு. டிரைவருக்குப் பின்னால் இருப்பதும் காந்தம். ஒரு துகள் சவ்வில் உட்கார்ந்தாலே போதும், பேஸ் வரும்போதெல்லாம் சரசரக்கும். காதுப் பஞ்சைக் கழற்றி, கோப்பையைக் கீழ்நோக்கிப் பிடித்து முதுகில் மெதுவாகத் தட்டுங்கள். மேலே உள்ள வலைத்துணியில் ஒட்டியதை செலோடேப்பைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். வாயால் ஊத வேண்டாம், துகள் உள்ளே போகும். வக்கியூம் வைக்கவே கூடாது. சவ்வை இழுத்து மடித்துவிடும்.

கேள்வி: ஒரு வருடத்துக்குள் காதுப் பஞ்சின் தோல் கறுப்புக் கறுப்பாக உரிந்து கன்னத்தில் ஒட்டுகிறது. – இல்லத்தரசி, உப்புவெளி

பதில்: அது தோல் அல்ல, துணியில் பூசிய பொலியூரித்தேன். ஈரப்பதமும் வியர்வையும் அதன் பிணைப்பை மெல்ல மெல்ல உடைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்திலும், கார்த்திகை, மார்கழி மழையிலும் அது விரைவாக நடக்கும். கழற்றியதும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அல்ககோல் பிளக்குக்குத்தான், பஞ்சுக்கு அல்ல. பூச்சை இறுக்கி வெடிக்க வைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள்.

உரிந்துவிட்டால் பஞ்சை மட்டும் மாற்றலாம். வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அதே அளவு வாங்குங்கள். பேஸ் பிடித்தவர் துணிப் பஞ்சை வாங்கக் கூடாது, காற்று கசியும். பழையதைவிடத் தடித்ததும் வேண்டாம், டிரைவர் காதிலிருந்து தள்ளிப்போய் பேஸ் மெலியும்.

கேள்வி: மகன் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறான். எவ்வளவு சத்தம் சரி? – தாய், கந்தளாய்

பதில்: உலக சுகாதார அமைப்பின் அளவு: பெரியவருக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90இல் பெரியவருக்கே வாரம் 4 மணி நேரந்தான். தாழ் ஒலி காதுக்குச் சத்தமாகத் தெரியாததால் பேஸ் பிரியர்கள் தெரியாமலே ஏற்றிவிடுவார்கள். போனின் அமைப்பில் சத்தத்துக்கு மேல் எல்லை போடும் வசதி இருந்தால் 60 விழுக்காட்டில் நிறுத்துங்கள். ஒரு கை நீட்டும் தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கவில்லை என்றால் சத்தம் கூட.

கேள்வி: போலியைக் கண்டுபிடிக்கும் வழி? – வாசகர், அநுராதபுரச் சந்தி

பதில்: சிஎச்520, 520பிடி போன்றவற்றை அந்தந்த நிறுவனத்தின் செயலியோடு கடையிலேயே இணைத்துப் பாருங்கள். செயலி மாதிரியின் பெயரை அடையாளம் காணாவிட்டால் வாங்காதீர்கள். வயர் ஹெட்போனில் எழுத்துப் பிழை, ஒரு கோப்பைக்கும் மற்றதற்கும் வேறுபடும் கறுப்பு, பெட்டியிலும் பட்டியிலும் ஒத்துப்போகாத மாதிரி எண், இவற்றைப் பாருங்கள். பில்லில் மாதிரி எண்ணையும் வாரண்டிக் காலத்தையும், அது கடை வாரண்டியா ஏஜென்ட் வாரண்டியா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள். வாங்கிய பின் தகராறு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977; பில் கையில் இல்லாமல் அழைத்துப் பலனில்லை.